இரண்டு அலகு

எனக்குச் சந்தேகப்புத்தி. ஒருத்தர் வலிய வந்து தோளில் கை போட்டால், இவர் எதற்கு வருகிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன். சின்ன வயதில் கொஞ்சமாக இருந்தது சுனாமிக்குப் பிறகு முற்றிவிட்டது. முற்றாமல் என்ன செய்யும்? அந்த நாட்களில் என் தோளில் கை போடாத ஆளே கிடையாது.

நாங்கள் நிகோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்து ஆட்கள். அம்மாவும் அப்பாவும் இலங்கை மலைத் தோட்டத்து லயங்களில் பிறந்து, சிறு பிள்ளைகளாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கப்பட்டவர்கள். அங்கே தேயிலைக் கொழுந்து, இங்கே ரப்பர் பால். மற்றபடி விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற அதே பெரட்டு, அதே முருகன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நான் கரையோரத்தில் ஒரு நிகோபாரி நண்பன் வீட்டில் இருந்தேன். முந்தின நாள் விருந்துக்குப் போனவன், வயிறு முட்டத் தின்றுவிட்டு அங்கேயே படுத்துவிட்டேன். அப்பா கப்பலில் வந்த சாமானை எடுக்க ஜெட்டிக்குப் போயிருந்தார். அம்மா மேலே தோட்டத்தில். பூமி ஆடியது, கடல் உள்ளே போனது, நண்பனின் வீட்டார் கத்திக்கொண்டே காட்டு மேட்டைப் பார்த்து ஓடினார்கள், நானும் ஓடினேன். என் வீரம் அவ்வளவுதான். சில நாள் கழித்து இன்னொரு மேட்டில் அம்மாவைக் கண்டுபிடித்தேன். அப்பாவை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போர்ட் பிளேர் முகாமில் ஆரம்பித்தது போட்டி. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போனதால்தான் நீ பிழைத்தாய், யோசித்துப் பார் என்றார் சர்ச்சிலிருந்து வந்தவர். போர்வை கொடுக்க வந்த காவி வேட்டிக்காரர் பூர்வஜென்மப் புண்ணியம் என்றார். அம்மா முருகன் என்றாள். என்னைக் காப்பாற்றியது எங்கள் ஆள்தான் என்று சொல்ல வரிசை கட்டி வந்தார்கள். உன் அப்பாவைக் கைவிட்டது எங்கள் ஆள்தான் என்று ஒருத்தர்கூடக் கை தூக்கவில்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நல்லதுக்கு மட்டும் வந்து நிற்கிற எவனையும் நான் நம்புவதாக இல்லை.

முகாமிலிருந்து எங்களைத் திரும்பக் கட்சாலுக்கே அனுப்பினார்கள். அங்கே தகர ஷெல்டர். மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்டர் வரிசையாகக் கட்டி வைத்திருந்தார். கூரையும் தகரம், சுவரும் தகரம். வெயிலில் உள்ளே இருந்தால் இட்லிப் பானைக்குள் இருக்கிற மாதிரி. கதவு ஒருக்களித்தே நிற்கும், சாத்தவே சாத்தாது. யாரிடம் சொல்வது என்று தேடினால், கான்ட்ராக்டர் சாவியைக் கொடுத்த கையோடு கப்பல் ஏறிப் போய்விட்டார். அப்படி ஒரு ஆளே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீடு நிற்கிறதே, கட்டினவன் இல்லாமலா? ஆனால் கூப்பிட்டால் வரமாட்டார். கதவுப் புகார் அவர் காதில் விழாது.

அந்தத் தகரத்துக்குள் மல்லாந்து படுத்திருந்த ஒரு மத்தியானத்தில் என் கடவுள் யாரென்று எனக்குத் தெரிந்துபோனது. அவர் உண்டு. கட்டினார், போய்விட்டார். அப்பாவையும் அவர் எடுக்கவில்லை, என்னையும் அவர் காப்பாற்றவில்லை. இது புரிந்ததும் மனசு லேசானது. யாரோடும் கோபப்பட வேண்டியதில்லை, பாருங்கள். மழை தகரத்தில் அடிக்கிற தாளத்துக்கு வார்த்தை கோத்துப் பார்த்ததும் அங்கேதான். அதற்கு ராப் என்று பெயர் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

தோட்டத்தில் வேலை தேய்ந்துபோனதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூருக்கு வந்தாள். ஒரு துண்டு நிலத்தில் கீரையும் வெண்டையும் போட்டாள். நான் அபர்டீன் பஜாரில் ஒரு மொபைல் கடையில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மா முருகன் கோயிலுக்குப் போவாள். நான் வாசல்வரைக்கும் துணை. கும்பிட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டபிறகும், சன்னதியைப் பார்த்து ஒருமுறை திரும்புவாள். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் பார்ப்பவர்கள் மாதிரி ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் நடப்பாள். அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டுக்கு வருகிறேன். பக்கத்துக் கடையில் வேலை பார்த்த பெங்காலிப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் பீட் போடுவான். அவன் அறையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க, செல்போனில் பாடிப் பதிந்தோம். பாதி தமிழ், பாதி நம் தீவு இந்தி. நடுவில் இப்படி வரும், அதில் யார் என்பது இந்தி, நண்பா என்று அர்த்தம்:

கட்டுனவன் கட்டிட்டான், சாவி குடுத்தான், கப்பல் ஏறிட்டான்,
கதவத் தட்டாத யார், உள்ள யாரும் இல்ல.

அன்றைக்கு இங்கே இன்டர்நெட் இருந்த லட்சணத்துக்கு ஒரு பாட்டை மேலே ஏற்றுவதற்குள் தாடி முளைத்துவிடும். ஆகவே கடைக்கு மெமரி கார்டு நிரப்ப வருகிறவர்களுக்கெல்லாம் என் பாட்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். டவுன் பஸ்ஸில், ஆட்டோவில், மீன் மார்க்கெட்டில் என் குரல். அடேயப்பா, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கடற்கரை மைதானத்தில் நடக்கிற கலை நிகழ்ச்சியில் பாட ஒரு இடமும் கிடைத்தது. பங்குனி உத்திரம் முடிந்த அந்த வாரத்திலேயே நிகழ்ச்சி. என் முதல் மேடை.

மெயின்லேண்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் உடைந்த போனை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "நீ டீயிஸ்ட்தானே?" என்று கேட்டார். திட்டுகிறாரோ என்று முறைத்தேன். படைத்தவன் ஒருத்தன் உண்டு, ஆனால் படைத்ததோடு சரி, எதிலும் தலையிடமாட்டான் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பெயராம். பல நாட்டில் இருக்கிறார்களாம். நம் கான்ட்ராக்டருக்கு வெளியூரிலும் ஆள் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பூரித்துப்போனேன். மறுநிமிஷம், இவர் எதற்கு இதை என்னிடம் சொல்கிறார் என்று யோசனை வந்துவிட்டது.

கோயில் கமிட்டிச் செயலாளரும் வந்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், எல்லோருக்கும் அண்ணன். "பாட்டு ஜோராத்தான் இருக்கு தம்பி. ஆனா பசங்க அதைக் கோயில் வாசல்லயே நின்னு போடுறாங்க. பாத்துக்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே அம்மா ஆரம்பித்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த உத்திரத்துக்கு நீ வாய்ப்பூட்டுப் போடணும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரத்தன்று வேண்டிக்கொண்டவர்கள் சின்ன வேல் ஒன்றை வாயில் குத்திக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். அந்த வேலுக்குத்தான் அலகு என்று பெயர். ஒன்று நாக்கில் நிற்கும். இன்னொன்று குத்தினால் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வரும். சன்னதியில் எடுக்கும்வரை ஒரு வார்த்தை பேச முடியாது, அதனால்தான் வாய்ப்பூட்டு. என் பிழைப்பே நாக்கில் இருக்கிறது, அதில் போய் வேலா?

"என்னாம்மா திடீர்னு?"

"திடீர்னு ஒன்னும் இல்ல. சுனாமி அன்னைக்கு மேட்டு மேல நின்னு வேண்டிக்கிட்டது. நீ உசுரோட வந்தா ரெண்டு அலகுன்னு."

"ஏன் ரெண்டு?"

"ரெண்டுன்னா ரெண்டுதான்."

"இத்தனை வருசமா எங்க போயிருந்துச்சு இந்த வேண்டுதல்? கட்சால்லேருந்து கப்பல்ல வந்துக்கிட்டு இருந்துச்சா?"

அம்மா குழம்புச் சட்டியை உள்ளே கொண்டுபோனாள். "என்னால ஏலாதும்மா" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

பாட்டு ஊரெல்லாம் ஓடுகிறது, செயலாளர் வந்து பாத்துக்க என்கிறார், மேடை வருகிறது, சரியாக அதற்கு முன்னால் என் வாயைப் பூட்ட ஒரு பழைய வேண்டுதல் முளைக்கிறது. யாருக்குக் காது குத்துகிறார்கள்? கமிட்டிக்காரர்தான் அம்மாவைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மறுநாளே பாத்திரக்கடைக்குப் போய் நின்றேன்.

"அண்ணே, எங்கம்மாவுக்குத் தூபம் போட்டது யாரு?"

அவர் கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தார். "அரே, என்ன பேச்சு இது? ஒங்கம்மாவுக்கு நான் தூபம் போடுறதா? அது வருசா வருசம் காப்புக் கட்டுற அன்னைக்கு மஞ்சச் சீலையோட வந்து வரிசையில நிக்கும். அதுக்கு முறை வர்றப்ப விலகிப் போயிரும். ஏம்மான்னு கேட்டா, எனக்கு இன்னும் பாதி வரலண்ணேன்னு சொல்லும். என்ன பாதி, எந்தப் பாதி, நான் என்னத்தக் கண்டேன்? ஒன்னைப் பத்தி ஒரு வார்த்தை நானும் சொல்லல, அதுவும் கேக்கல."

முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி இல்லை. அதனால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். பொய் சொல்லத் தெரிந்தவன் முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரிந்தவன்தானே. ஆனாலும் அந்தப் "பாதி" என்னை உறுத்தியது. வரிசையில் நிற்பாளாம், விலகிப் போவாளாம். வாசலில் செருப்புக்குக் காவல் இருந்த நான் இதைப் பார்த்ததே இல்லை. காப்புக் கட்டும் நாளில் நான் கடையில் இருப்பேன்.

அன்று அந்த மேட்டில் அம்மாவோடு இருந்தது சித்தி மட்டும்தான். அம்மாவின் தங்கை. அவளும் அதே தோட்டம். இப்போது புரோத்ராபூரிலேயே பஸ் போகிற கடைசி வளைவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை போனேன். வாயைக் கிளறலாம் என்று சுற்றி வளைத்துப் பேச்சைத் தொடங்கினால், சித்தி பட்டென்று உடைத்துவிட்டாள்.

"நீ அலகு குத்தணும்னா வேண்டுச்சு? யாருடா சொன்னா? அது தன் வாயிலதான் வேண்டிக்கிருச்சு. கடலைப் பாத்துக்கிட்டு, மாரடிச்சிக்கிட்டு, தொண்டை கட்டுற வரைக்கும் கத்துச்சு. முருகா, என் புருசனையும் புள்ளையையும் கொண்டாந்து விட்டுரு, ஆளுக்கு ஒன்னு, ரெண்டு அலகு என் வாயில குத்திக்கிறேன்னு. நான் பக்கத்துலதானே நின்னேன்."

ஆளுக்கு ஒன்று. ரெண்டுன்னா ரெண்டுதான் என்று அவள் சொன்னதன் கணக்கு அது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரோ ஒருவனுடைய போனில் என் பாட்டு ஓடியது. உள்ள யாரும் இல்ல, உள்ள யாரும் இல்ல என்று நானே என் காதில் வந்து கத்திக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லலாம் போல இருந்தது.

அம்மா பாத்தியில் குந்தியிருந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். நேரே போய் நின்று கேட்டேன். "ஒன் வாய்க்கு வேண்டிக்கிட்டதை என் தலையில கட்டுறியா?"

சித்தி சொல்லிவிட்டாள் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கீரையைக் கீழே போடவில்லை. கிள்ளிக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு பேரைக் கேட்டேன். ஒருத்தனைத்தான் குடுத்தான். ஒங்கப்பா ஒடம்புகூடக் கிடைக்கல. கிடைச்சிருந்தாலாவது இல்லன்னு ஆயிருக்கும். எங்கேயாவது ஒரு தீவுல ஒதுங்கியிருப்பாரு, எவனாவது கூட்டிட்டு வருவான்னு பாத்தேன். மீதியக் குடு, குத்துறேன்னு நானும் நின்னேன். அவனும் கேக்கல, நானும் குடுக்கல. அப்படியே ஓடிருச்சு."

"அப்புறம் இப்ப என்னா?"

"நீ பாடி வச்சிருக்கியே! உள்ள யாரும் இல்லன்னு. ஊரு பூராவும் கேக்குது. அவன் காதுல மட்டும் விழாதா? நான் சொன்னதைச் செய்யாம ஏய்ச்சுப்புட்டேன், நீ ஆளே இல்லங்குற. இருக்கிற பாதியையும் எடுத்துக்கிட்டான்னா நான் எங்கேடா போவேன்?" கிள்ளுவதை நிறுத்தினாள். "பேசின நாக்குலயே குத்திட்டா அவனுக்குக் கோவம் போயிரும்னு நெனச்சேன்."

அப்போதுதான் அந்தத் திரும்பல் எனக்கு விளங்கியது. செவ்வாய்க்கிழமை தோறும் அவள் பார்த்தது பக்திப் பார்வை இல்லை. முதுகைக் காட்டினால் இவன் என்ன செய்வானோ என்று முருகனையே வேவு பார்த்திருக்கிறாள். ஊரில் சந்தேகக்காரன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேனே!

பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். கடவுள் எடுக்கிறவரும் இல்லை, கொடுக்கிறவரும் இல்லை, நம் தகர ஷெல்டர் கான்ட்ராக்டர் மாதிரி, கூப்பாடு போட்டாலும் கேட்காது, திட்டினாலும் கேட்காது, பயப்படாதே என்றேன். என் நம்பிக்கையை இவ்வளவு பொறுமையாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

"கேக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? போய்ப் பாத்துட்டு வந்தியா?" என்றாள்.

போய்ப் பார்த்தவன் எவன்? ஆனாலும் அலகு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்காக வேறு எதுவும் செய்வேன், நம்பாத ஒன்றுக்கு நாக்கை நீட்டமாட்டேன் என்றேன். அம்மா கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பிறகு அவள் கையில் மஞ்சள் காப்புக் கயிறு ஏறியது. கவிச்சி நின்றது, ஒருவேளைச் சோறுதான், பாயைத் தொடாமல் வெறுந்தரையில் படுத்தாள். பட்டினி கிடந்து என்னை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அந்த வித்தையெல்லாம் என்னிடம் நடக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேடைக்கு ஒத்திகை பார்த்தேன்.

உத்திரத்தன்று ஊர்வலம் பஜார் வழியாக வந்தது. நான் கடைக்குள் ஒரு போனைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தலை நிமிராமல் இருந்தேன். மேளமும் நாதஸ்வரமும் நெருங்கி வந்தன. "தேக், தேரீ மா!" என்று வாசலிலிருந்து பெங்காலிப் பையன் கத்தினான். அதோ பார், உன் அம்மா என்று.

மஞ்சள் சேலை, ஈரத்தலை, கையில் ஒரு பால்குடம். நீட்டிய நாக்கில் குறுக்கே சின்ன வெள்ளி வேல். வெயில் அதன்மேல் பட்டுத் தெறித்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எங்கே போட்டேன் என்று தெரியாமல் தெருவில் இறங்கி அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அலகு குத்தினவர்களால் வாய் திறக்க முடியாது. அதனால் கூட வருகிற சொந்தக்காரர்கள்தான் அவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சித்தி கொடுத்துக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து கத்தி அவளுக்குத் தொண்டை காற்றாகிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "கத்துடா! தொண்டைய எதுக்கு வச்சிருக்க?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் நின்றது. வலியோ என்னவோ.

"வேல் வேல்!" என்றேன்.

"வெற்றிவேல்!" என்று தெருவே பதில் கொடுத்தது.

நான் நம்பிக் கத்தவில்லை. இதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வாய் இல்லை, எனக்கு இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பாட்டுக்கு மூச்சு பிடிக்கிற அதே இடத்திலிருந்து, அடிவயிற்றிலிருந்து, கோயில்வரை கத்தினேன். உள்ளே யாரும் இல்லை என்று ஊரெல்லாம் ஓடிய அதே குரலுக்கு ஊர் வெற்றிவேல் போட்டது. செயலாளர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

சன்னதியில் பூசாரி அலகை உருவி, நாக்கில் விபூதியை அழுத்தி வைத்தார். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தடித்த நாக்கோடு, குழந்தை பேசுகிற மாதிரி பேசினாள்.

"பாத்தியா? ஒன்னுதான் குத்துனேன்."

"பாத்தேன்."

"ரெண்டு பேரைக் கேட்டேன், ஒருத்தனைக் குடுத்தான். ரெண்டு அலகு சொன்னேன், ஒன்னைப் போட்டுட்டேன். ஒங்கப்பா இனிமே வரமாட்டாரு." அதை அவள் வாயால் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. அழவில்லை. விபூதியைத் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தாள். "சரியாப் போச்சு. இனிமே ஒன்னைத் திருப்பிக் கேக்க அவனுக்கு ஒரு வழியும் இல்ல. நீ போய் என்னத்த வேணும்னாலும் பாடிக்க."

எழுந்திருக்கக் கை கொடுத்தேன். வாசலில் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டேன். கால் நுழைத்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வழக்கமாகத் திரும்புகிற இடம் வந்தது. அவளுக்காக நான் நின்றேன்.

அம்மா நிற்கவில்லை. பஸ் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே நடந்துபோய்விட்டாள். நான்தான் திரும்பிப் பார்த்தேன்.